கோரையன் தேடிப்போன சர்க்கரை மரம்

அல்லிக்குளத்துக் கரையில் கோரையன் என்றொரு காட்டுப்பன்றி இருந்தான். குளத்துக்குக் கிழக்கே அவனுடைய கரும்புத் தோட்டம். தோட்டம் என்று அவன்தான் சொல்லிக்கொள்வான். மற்றவர்களுக்கு அது கரும்புக் காடு. அங்கே வரிசையும் கிடையாது, பாத்தியும் கிடையாது.

ஒரு மழைக்காலத்தில் வெள்ளம் எங்கிருந்தோ சில கரும்புத் துண்டுகளை அடித்துக்கொண்டு வந்து சேற்றில் விட்டுப் போனது. கோரையன் அவற்றை மூக்கால் கிளறி மண்ணுக்குள் தள்ளினான். கணுவுக்குக் கணு முளை விட்டது. வெயில் ஏற ஏறக் கரும்பும் ஏறியது. ஆண்டு திரும்புவதற்குள் அவனை அண்ணாந்து பார்க்க வைத்துவிட்டது. வெட்டித் தின்ற இடத்தில் அடிக்கட்டை மறுபடி துளிர்த்தது!

அன்றிலிருந்து குளக்கரையில் எல்லோருக்கும் கொண்டாட்டம். கோரையனின் குட்டிகள் சாறு குடித்துக் கொழுத்தன. தூக்கணாங்குருவிகள் கரும்பின் சோகை இலைகளைக் கிழித்துக் கூடு பின்னின. கௌதாரிகள் தூருக்கடியில் முட்டையிட்டன. மென்று துப்பிய சக்கையை எறும்புகள் ஊர்வலமாக இழுத்துப் போயின.

ஆனால் கரும்புக்குத் தாகம் அதிகம். குளத்திலிருந்து கோரையன் மூக்காலேயே ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தான். அதில் எப்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஆண்டுக் கோடையில் குளம் வற்றத் தொடங்கியது. அல்லி இலைகள் சேற்றில் ஒட்டிக்கொண்டன. கெண்டை மீன்களின் முதுகு தண்ணீருக்கு மேலே தெரிந்தது. மீன்குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

ஆமை ஓடாயிக்குப் பொறுக்கவில்லை. குளத்துப் பிள்ளைகள் எல்லாம் தன் பிள்ளைகள் என்று நினைப்பவள் அவள். நேராகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தாள்.

"கோரையா! வெளியே வா!"

"என்ன ஓடாயி, வெயிலில் இப்படி நடந்து வந்திருக்கிறாய்?"

"நடக்காமல் என்ன செய்வேன்? நீந்தத் தண்ணீர் எங்கே இருக்கிறது? எல்லாவற்றையும் உன் கரும்பு குடித்துவிட்டது!"

"போன ஆண்டும் இதே கரும்புதான் இருந்தது. அப்போது குளம் நிரம்பித் தளும்பியதே!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் கோரையனின் மனைவி சேற்றழகி.

"போன ஆண்டுக் கதை எனக்கு வேண்டாம்! இந்த ஆண்டு குஞ்சுகள் சாகின்றன. கரும்பைப் பிடுங்கி எறியுங்கள். இல்லாவிட்டால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பிடுங்குவோம்!"

தவளைகள் கத்தின. நண்டுகள் கொடுக்கைத் தூக்கின. கோரையன் பின்வாங்கினான். கரும்பு போய்விட்டால் குட்டிகளுக்கு என்ன கொடுப்பது? ஊரை விட்டே போக வேண்டியதுதான். ஆனால் அந்த மீன்குஞ்சுகளைச் சாகவிடவும் அவனுக்கு மனம் வரவில்லை.

அப்போது கரையில் நின்ற மாமரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சண்டை எதற்கு? இரண்டு பேரும் பிழைக்க நான் ஒரு வழி சொல்கிறேன்!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூழைக்கடா பைநாயகம் கிளையில் உட்கார்ந்திருந்தார். பல தேசம் பறந்தவர். அவர் வாய்க்குக் கீழே தொங்கிய பை அன்று கொஞ்சம் புடைத்தே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

"வடக்கே வெண்முடி மலை இருக்கிறதல்லவா? அதன் மேலே ஒரு மரம் உண்டு. பெயர் சர்க்கரைப் பைன்."

"சர்க்கரையா!" கோரையனின் காது இரண்டும் நிமிர்ந்தன.

"சர்க்கரையேதான். அந்த மரத்துக்கு யாரும் வாய்க்கால் வெட்டியதில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை."

"உயரம் எவ்வளவு ஐயா?"

"உன் கரும்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போ. உனக்குச் சலித்துவிடும். அந்த மரம் அதற்கும் மேலே நிற்கும்."

"தித்திக்குமா?"

"அதன் உடம்பிலிருந்து இனிப்பு கசிந்து வழிவதை என் கண்ணாலேயே பார்த்தேன்!"

கோரையனுக்கு நாக்கில் நீர் ஊறியது. கரும்பைவிட அவ்வளவு உயரம்! அவ்வளவு பருமன்! அதைக் கடித்தால் சாறு அருவியாகவே கொட்டுமே! ஒரே ஒரு மரம் போதும். குளத்துத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். குட்டிகள் காலம் முழுக்கக் குடிக்கலாம்.

"ஓடாயி! நான் போய் அந்த மரத்தின் விதையைக் கொண்டு வருகிறேன்! அதுவரை பொறு!" என்று கத்தினான்.

ஓடாயி மாமரத்தைப் பார்த்தாள். காய்கள் நிறம் மாறத் தொடங்கியிருந்தன. "இந்த மரத்தில் முதல் பழம் விழும் வரை பொறுக்கிறேன். பழம் விழுந்துவிட்டால் கரும்பு இருக்காது!"

"இப்போதே பிடுங்கிவிடலாமே! அதுதான் வேறு மரம் வரப்போகிறதே!" என்று துள்ளினான் கோரையன். அவன் மூக்கு ஏற்கெனவே தூருக்குள் போய்விட்டது.

சேற்றழகி அவன் வாலைப் பிடித்து இழுத்தாள். "முதலில் அந்த மரம் வந்து சேரட்டும். பிறகு பார்க்கலாம்." அவள் நல்ல கரும்பாக ஒன்றைக் கடித்து, சோகை உரித்து, அவன் வாயில் வைத்தாள். "வழியில் பசிக்கும். வெறும் பேச்சைக் கேட்டு வயிறு நிறையாது."

குளத்துக்கு மலையிலிருந்து ஓர் ஓடை வரும். அது அப்போது காய்ந்து கிடந்தது. அதுவே நல்ல பாதையாக இருந்ததால் கோரையன் அதன் வழியாகவே ஏறினான். கூழாங்கற்கள் காலில் சுட்டன. மேலே போகப் போக முட்புதர் குறைந்தது. காற்று குளிர்ந்தது. பெரிய பெரிய மரங்கள் வந்தன.

ஓரிடத்தில் பாதையை மறித்துக்கொண்டு மலை போல ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன் மறுபக்கத்தில் சலசலவென்று தண்ணீர் ஓடி ஒரு பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கோரையன் மரத்தைச் சுற்றிப் போய், வயிறு முட்டக் குடித்தான். 'அடடா, என்ன குளிர்ச்சி!' என்று நினைத்தான். அவ்வளவுதான். ஒரே தாவில் தண்ணீரைத் தாண்டி மேலே ஓடினான். அவன் தலை முழுக்கச் சர்க்கரை மரம்!

கடைசியில் ஒரு சரிவில் அந்த மரங்களைக் கண்டான். நேராக, தூண் தூணாக நின்றன. இலைகள் ஊசி ஊசியாக இருந்தன. கிளை நுனிகளில் நீள நீளமான கூம்புகள் தொங்கி ஆடின. சரிவின் உச்சியில் வெண்பனி இன்னும் கரையாமல் மினுமினுத்தது.

"வந்துவிட்டேன்!" என்று கத்திக்கொண்டு ஓடிப்போய், ஒரு மரத்தில் வாயை வைத்து ஒரே கடி கடித்தான்.

'கடக்!'

பட்டை கல்லாக இருந்தது. பிசின் பசையாக ஒட்டியது. மேல்வாயும் கீழ்வாயும் சேர்ந்து திறக்கவே இல்லை. கோரையன் காலை உதைத்தான். அந்த அதிர்ச்சியில் மேலேயிருந்து ஒரு காய்ந்த கூம்பு விழுந்து அவன் முதுகில் 'தொம்' என்று மோதியது.

"ஹோ ஹோ ஹோ!"

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் கரடி எழுந்து வந்தாள். நீண்ட மயிர் சடை சடையாகத் தொங்கியது. அவள் பெயரும் சடைச்சிதான். இடுப்பில் ஒரு குட்டி தொற்றிக்கொண்டிருந்தது.

"யார் தம்பி நீ? மரத்தை ஏன் கடிக்கிறாய்? உனக்கும் அதற்கும் ஏதாவது பகையா?"

கோரையன் பாடுபட்டு வாயைத் திறந்தான். "அக்கா, இது சர்க்கரைப் பைன்தானே?"

"ஆமாம்."

"சாறு எங்கே?"

"எந்தச் சாறு?"

"கடித்தால் வாய் நிறைய வருமே, அந்தச் சாறு!"

"இதில் சாறெல்லாம் வராது தம்பி. விதைதான் வரும். கூம்பு பழுத்தால் உள்ளே கொட்டை கொட்டையாக இருக்கும். எங்களுக்குச் சாப்பாடே அதுதான். அணில்களும் பறவைகளும் அதைத்தான் நம்பிப் பிழைக்கின்றன."

கோரையன் முகம் தொங்கியது. "பிறகு ஏன் சர்க்கரை என்று பெயர்?"

"அதற்கும் காரணம் உண்டு. இங்கே வா." சடைச்சி ஒரு கிழட்டு மரத்தைக் காட்டினாள். என்றோ பிடித்த தீயில் அதன் அடிப்பக்கம் கருகி ஆறாத புண்ணாக இருந்தது. அந்தப் புண்ணிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ கசிந்து கட்டியாகி நின்றது. "தொட்டுப் பார். ஒரு நக்கு போதும்."

கோரையன் நக்கினான். தித்தித்தது!

"கூழைக்கடா ஐயா சொன்னது உண்மை!" என்று குதித்தான். இன்னொரு கட்டியைக் கவ்வினான். இன்னொன்று. இன்னும் ஒன்று.

"போதும் தம்பி! நிறுத்து!"

"உனக்குக் குறைந்துவிடுமே என்று தடுக்கிறாய்!"

"குறைவது எனக்கில்லை..." என்று சடைச்சி சொல்லி முடிப்பதற்குள் மரத்தின் புண் முழுக்கச் சுத்தமாகிவிட்டது.

கோரையன் நாக்கைச் சப்புக்கொட்டினான். பிறகு திடீரென்று அசையாமல் நின்றான். வயிற்றுக்குள் ஏதோ உருண்டது. ஏதோ இடித்தது.

"அக்கா... இங்கே புதர் எங்கே இருக்கிறது?"

"அதோ! ஓடு!"

ஓடினான். திரும்பி வந்தான். மறுபடி ஓடினான். வந்து உட்காருவதற்குள் மறுபடியும் எழுந்தான். கரடிக்குட்டி கைதட்டிச் சிரித்தது. போகப் போக அவனுக்கு ஓடவும் தெம்பு இல்லை. புதரிலேயே படுத்துக்கொண்டான்.

"அது மருந்து தம்பி. வயிறு கட்டிக்கொண்டால் ஒரு துளி நக்குவோம்," என்றாள் சடைச்சி. சேர்த்து வைத்திருந்த கொட்டைகளை உடைத்து அவனுக்குப் பருப்பு எடுத்துக் கொடுத்தாள். பருப்பு வெண்ணெய் போல இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்கு உயிர் வந்தது.

"அக்கா, சாறு வேண்டாம். இந்தப் பருப்பு போதும். இதன் விதையைக் கொண்டுபோய் என் குளக்கரையில் நடுகிறேன். அடுத்த கோடைக்குக் காய்த்துவிடுமா?"

சடைச்சி வாய்விட்டுச் சிரித்தாள். சரிவில் நின்ற ஒரு மரத்தைக் காட்டினாள். "அதைப் பார். நான் என் மகனைப் போல இருந்தபோது அது என் முழங்கால் உயரம். இப்போது எனக்கே பிள்ளைகள் வந்தாயிற்று. இன்னும் அது ஒரு கூம்புகூடக் காய்க்கவில்லை. என் பேரப்பிள்ளைகள் பார்க்கலாம். அதுவும் நிச்சயமில்லை."

"அவ்வளவு காலமா!"

"உன் குளக்கரை எப்படி இருக்கும்? வெண்பனி விழுமா?"

"பனியா? இந்த மாதத்தில் நீ அங்கே வந்தால் உன் மயிர் பற்றிக்கொள்ளும்!"

"அப்படியானால் விதை முளைக்கவே முளைக்காது. ஒரு குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் தூங்கினால்தான் அது கண் விழிக்கும். தண்ணீரும் அப்படித்தான். பனி கரைந்து மண்ணுக்குள் மெல்ல இறங்க வேண்டும். அதை வேர் உறிஞ்சிக்கொள்ளும். காலடியில் தேங்கி நின்றால் வேர் அழுகிவிடும்."

"ஊற்றத் தேவையில்லை என்றாரே பைநாயகம்!"

"ஊற்றத் தேவையில்லைதான். அதோ, மலை ஊற்றுகிறதே! உன் ஊரில் அதை யார் ஊற்றுவார்கள்?"

கோரையன் தலையை மண்ணில் போட்டுக்கொண்டான். கூழைக்கடா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. சொல்லாமல் விட்டதுதான் அவனை மலையேற்றிவிட்டது. இனி எந்த முகத்தோடு திரும்பிப் போவது? பழம் விழுந்திருக்குமோ? சேற்றழகி தனியாக என்ன செய்கிறாளோ?

அழுகை அழுகையாக வந்தது. வழியில் தின்றது போக மிச்சமிருந்த பாதிக் கரும்பைக் கவ்வி வந்து சடைச்சியிடம் நீட்டினான். "நீயாவது சாப்பிடு அக்கா. பருப்பு கொடுத்தாயே."

சடைச்சி சந்தேகமாகக் கடித்தாள். அவள் கண் விரிந்தது. "இது என்ன! நாக்கெல்லாம் தேனாக இருக்கிறது! வயிறு ஒன்றும் செய்யாதா?"

"ஒன்றும் செய்யாது. இதுதான் எங்கள் கரும்பு."

"இது வளர எத்தனை தலைமுறை ஆகும்?"

"தலைமுறையா? ஒரு துண்டைப் புதைத்தால் ஆண்டு திரும்புவதற்குள் சாறு! வெட்டிவிட்டால் அதே கட்டை மறுபடியும் தழைக்கும்!"

சடைச்சி அவனை நம்ப முடியாமல் பார்த்தாள். "ஒரே ஆண்டா! ஒரு துண்டு கொடு தம்பி. இங்கே நட்டுப் பார்க்கிறேன்."

கோரையன் வாயைத் திறந்தான். 'சரி' என்று சொல்லப் போனவன், பனியைப் பார்த்தான். "வேண்டாம் அக்கா. அதற்கு நல்ல வெயில் வேண்டும், நிறையத் தண்ணீர் வேண்டும். இந்தக் குளிரில் குருத்து கருகிவிடும். என்னை மாதிரி நீயும் ஏமாறாதே."

அதைச் சொன்னபோது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சடைச்சியும் சிரித்தாள். கொஞ்சம் கொட்டைகளை மரப்பட்டையில் சுற்றி அவனிடம் கொடுத்து, வழியனுப்பப் பாதி தூரம் கூடவே வந்தாள்.

மரம் விழுந்து கிடந்த இடம் வந்தது. கோரையன் தண்ணீரைத் தாண்டத் தயாரானான்.

"போன குளிர்காலப் புயலில் சாய்ந்தது," என்றாள் சடைச்சி. "மலையிலேயே பெரிய மரம். சாய்ந்ததிலிருந்து எங்கள் ஓடை வழி மாறிப் பள்ளத்தில் வீணாகப் போகிறது."

"இதற்கு முன்னால் எங்கே போகும்?"

"நேராகக் கீழேதான். நீ ஏறி வந்த தடம்தான் அது. கீழே ஏதோ குளம் இருக்கிறதாம்."

கோரையன் தாவவில்லை. மரத்தைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். மரத்துக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடந்த கூழாங்கற்களைப் பார்த்தான்.

"அக்கா! அது என் குளம்! இந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு, இதையே தாண்டிக் குதித்துப் போனேனே! எனக்கு மூளை இருக்கிறதா!"

சடைச்சி மரத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். அசையவில்லை. இருவரும் சேர்ந்து தள்ளினார்கள். அப்போதும் அசையவில்லை.

"முடியாது தம்பி. இதைப் புரட்ட ஒரு யானைக்கூட்டம் வேண்டும்."

"புரட்ட வேண்டாம்!" என்றான் கோரையன். அவன் மூக்கு துடித்தது. "மரம் அங்கேயே கிடக்கட்டும். அடியில் வாய்க்கால் வெட்டுவோம்! எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்!"

மரத்தின் நுனிப்பக்கம் தரை மெத்தென்று இருந்தது. அங்கே மூக்கை வைத்துத் தோண்ட ஆரம்பித்தான். மண் பறந்தது. வேர் வந்தால் கடித்தான். கல் வந்தால் சடைச்சி உருட்டித் தள்ளினாள். விழுந்த மரத்தின் கிளைகள் கனமில்லாமல் இருந்தன. அவள் அவற்றை முறித்துப் பள்ளத்தின் வாயில் குறுக்கே அடைத்தாள். குட்டி சேறு அள்ளி அள்ளிப் பூசியது. கோரையனின் மூக்கு தோல் உரிந்து எரிந்தது. வயிறு வேறு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இருந்தாலும் விடவில்லை.

முதலில் ஒரு நூலளவு தண்ணீர் மரத்துக்கடியில் நுழைந்தது. பிறகு கையளவு. பிறகு மிச்ச மண்ணை அதுவே அடித்துக்கொண்டு 'ஹோ' என்று பாய்ந்தது!

"ஓடு தம்பி! தண்ணீர் உனக்கு முன்னால் போகிறது! கரும்பு முற்றியதும் பாதி மலைக்கு வா, நான் கூம்போடு வருகிறேன்!" என்று கத்தினாள் சடைச்சி.

கோரையன் கொட்டை மூட்டையைக் கவ்விக்கொண்டு தண்ணீரோடு போட்டி போட்டு ஓடினான்.

இதற்குள் அல்லிக்குளத்தில் நிலைமை மோசமாகியிருந்தது. குளம் சுருங்கச் சுருங்க பைநாயகத்துக்கு வேலை சுலபமானது. முன்பு நாள் முழுக்கத் தேட வேண்டிய மீனை இப்போது நின்ற இடத்திலேயே அள்ளினார். குளம் முழுதாக வற்றும் நாளுக்காகக் காத்திருந்தார். ஆனால் கோரையன் ஏதாவது வழியோடு திரும்பிவிட்டால்? அதற்குள் சண்டை மூள வேண்டும். எல்லோரும் கரும்போடு மல்லுக்கு நின்றால் குளத்தின் பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள்?

மாமரத்தின் உச்சிக் கிளையில் போய் உட்கார்ந்து, தன் பெரிய உடம்பால் ஓர் ஆட்டு ஆட்டினார். பழம் ஒன்று 'பொத்' என்று விழுந்தது.

"பழம் விழுந்துவிட்டது!" என்று தவளைகள் கூவின.

எல்லோரும் கரும்புத் தோட்டத்துக்குத் திரண்டார்கள். சேற்றழகி குட்டிகளைப் பின்னால் விட்டுத் தூருக்கு முன்னால் நின்றாள்.

"பழம் தானாக விழவில்லை! காம்பைப் பாருங்கள்! இன்னும் பச்சையாகப் பால் வடிகிறது!"

"விழுந்தது விழுந்ததுதான்!" என்று நண்டுகள் முன்னேறின.

ஓடாயி தயங்கினாள். பழத்தை முகர்ந்தாள். மரத்தைப் பார்த்தாள். "பைநாயகம் ஐயா, நீங்கள் அங்கேதானே இருந்தீர்கள். பழம் எப்படி விழுந்தது?"

பைநாயகம் பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

"கோரையன் வருவானா, மாட்டானா?"

அதற்கும் தலையைத்தான் ஆட்டினார்.

"வாயைத் திறந்து சொல்லுங்களேன்!"

அந்த நேரத்தில் வடக்கே ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த ஓடையில் கூழாங்கற்கள் உருளும் சத்தம். அடுத்த கணம் பழுப்பு நிறத்தில், நுரை தள்ளிக்கொண்டு, இலையும் சருகுமாகத் தண்ணீர் வளைவில் திரும்பி வந்தது! அதன் பின்னாலேயே மூக்கெல்லாம் புண்ணும் உடம்பெல்லாம் சேறுமாகக் கோரையன் வந்தான்.

"கரும்பைத் தொடாதீர்கள்!"

யார் தொடப் போகிறார்கள்? எல்லோரும் குளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள்! தண்ணீர் விரிசலில் இறங்கியது, நிரம்பியது, ஏறியது. மீன்குஞ்சுகள் கிடந்த மூலையை அது தொட்டதும் அவை வெள்ளித் துகள்களாகச் சிதறி நீந்தின. ஓடாயி அப்படியே தண்ணீருக்குள் விழுந்து, மல்லாந்து, சிரித்து, அழுதாள்.

பைநாயகத்துக்கு அதிர்ச்சி தாங்கவில்லை. "ஐயோ, குளம் போச்சே!" என்று அலறிவிட்டார்.

வாய் திறந்ததுதான் தாமதம்! பைக்குள் அடைத்து வைத்திருந்த கெண்டைகள் சளசளவென்று துள்ளிக் குளத்தில் குதித்தன.

"ஓகோ! குளம் நிரம்பினால் உங்களுக்குக் குளம் போச்சா?" என்று கேட்டாள் ஓடாயி.

"நான்... நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை! அந்த மரம் உயரம்தான்! இனிப்பு கசிவதும் உண்மைதான்!" என்றார் பைநாயகம்.

"உண்மைதான் ஐயா," என்றான் கோரையன். "பாதி உண்மையைச் சொன்னீர்கள். மீதியை மீனோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டீர்கள்."

பைநாயகம் தொங்கிய பையோடு பறந்து போனார். அந்தப் பருவத்தில் அவரை அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை.

"சர்க்கரை மரம் எங்கே?" என்று கேட்டாள் சேற்றழகி. கோரையன் நடந்தது எல்லாவற்றையும் சொன்னான். புதருக்கு ஓடிய கதையை மட்டும் விடலாமா என்று பார்த்தான். ஆனால் பாதி உண்மையைப் பற்றி அவனே இப்போதுதான் பேசியிருந்தான். எனவே அதையும் சொன்னான். சேற்றழகி சிரித்துச் சிரித்துக் கரும்பில் சாய்ந்துவிட்டாள்.

குட்டிகள் கொட்டை மூட்டையைப் பிரித்தன. "அப்பா, ஒன்றை நட்டுப் பார்க்கலாமா?"

"நட்டால் அழுகும். உடைத்துத் தின்றால் ருசிக்கும். எது வேண்டும்?"

கேட்டு முடிப்பதற்குள் 'கடக் முடக்' என்று சத்தம் கேட்டது.

கோரையன் ஓடாயியிடம் போனான். "குளம் நிரம்பினாலும் என் கரும்பு நிறையத்தான் குடிக்கிறது, நீ சொன்னது தப்பில்லை. குளத்தை ஒட்டின பக்கத்தில் இனிமேல் நட மாட்டேன். தண்ணீர் குறையும் காலத்தில் வாய்க்காலை அடைத்துவிடுகிறேன்."

"அப்படியானால் அடைக்கும் நாளை நான் வந்து சொல்கிறேன். நீ சொன்னால் தள்ளிப் போடுவாய்!" என்றாள் ஓடாயி. ஒப்பந்தம் முடிந்தது.

கரும்பு முற்றியதும் கோரையனும் சேற்றழகியும் ஒரு கட்டுக் கரும்பை ஓடைக்கரை வழியாக இழுத்துக்கொண்டு பாதி மலை ஏறினார்கள். வெயிலும் குளிரும் சந்திக்கிற இடத்தில் ஒரு தட்டைப் பாறை. அங்கே சடைச்சி கூம்புகளைக் குவித்து வைத்துக் காத்திருந்தாள். அவளுடைய மகன் ஒரு கரும்பைக் கடித்தான்; சாற்றை விழுங்கினான்; சக்கையையும் சேர்த்து விழுங்கப் போய்த் திணறினான்.

"துப்பு! துப்பு!" என்று எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அவன் துப்பிவிட்டு, அடுத்த கரும்புக்குக் கையை நீட்டினான்.

பெயரின் இனிப்பை நம்பி ஓடாமல், எது எந்த மண்ணில் எவ்வளவு காலத்தில் என்ன தரும் என்பதை முழுதாகக் கேட்டறிந்து நாடுகிறவர்களே வாழ்வில் இனிமை காண்பார்கள்.